கைச்சூடு கழித்து

1

இந்தக் கதை எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் வயிற்றில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ஆற்றங்கரையில் பிறக்கும், ரயிலில் பிறக்கும் என்று சொல்கிறார்கள். எனக்குச் சோப்புத் தண்ணீரில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொஞ்ச நாளாகவே அந்த இயந்திரம் துணி பிழியும்போதெல்லாம் விமானம் இறங்குகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். [முதல் வரைவில் இந்த இடத்தில் அவர் பயந்துபோய்ப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் அடிக்கப்பட்டது. யார் அடித்தது என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.]

மெக்கானிக் வந்தார். முதுகுப் பலகையைக் கழற்றினார், உருளையை வெளியே இழுத்தார், துருவேறிய ஒரு பேரிங்கைத் தட்டி எடுத்துக் கீழே போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். அதன் உறையில் 6205 என்று அச்சிட்டிருந்தது. இயந்திரத்தைச் செய்தது ஒரு நாடு. இந்தப் பேரிங்கைச் செய்தது இன்னொரு நாடு, கடல் தாண்டி.

“அளந்து பார்க்க வேணாமா?” என்றேன்.

“எதுக்கு சார் அளக்கணும்? நம்பர் ஒண்ணுதானே” என்றார் அவர்.

மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. போய் உட்கார்ந்துகொண்டது. முட்டவில்லை, தளரவில்லை, முகவரி கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவன் இருட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் சொந்தக் கட்டிலில் போய்ப் படுப்பதுபோல அந்தத் தண்டின்மேல் போய் அமர்ந்தது.

நான் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னங்க, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?” என்று என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

“இல்ல. ஆச்சரியம்.”

“ஆச்சரியத்தை நாற்காலியில உக்காந்து படுங்க. தரையெல்லாம் சோப்பு.”

2

நான் ஒரு பேரிங் தொழிற்சாலையில் துளை கடைந்தவன். சரியாகச் சொன்னால், உள்வளையத்தின் துளையைச் சாணைக்கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிறவன். ஆயுள் முழுக்க ஓட்டைகளைச் சீராக்கிச் சம்பாதித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. என் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். நான் தேய்த்ததை அளந்து, சரி அல்லது தப்பு என்று சொல்லும் இடத்தில். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் அவள் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிறாள். நான் நடந்ததைவிடக் கூட்டிச் சொன்ன இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பழையபடி அவர் வீட்டிலேயே குடிவைத்தவள் அவள்தான்.

இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நிபந்தனை போட்டாள்.

“பேரிங் துளைக்கு என்ன டாலரன்ஸ்?”

“தெரியாதவன்கிட்ட கேக்கற மாதிரி கேக்கறியே. ஜீரோவும் மைனஸும்.”

“பிளஸ்?”

“பிளஸ்ஸே கிடையாது.”

“அதேதான் உங்க கதைக்கும். குறைச்சுச் சொல்லுங்க, பொறுத்துக்கறேன். ஒரு மைக்ரான் கூட்டிச் சொன்னா ரிஜெக்ட்.”

வாசகர் பேரிங் தொழிலில் இல்லாதவராக இருக்கலாம். ஆகவே விளக்கம். மெக்கானிக் கொண்டுவந்த 6205-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு: இருபத்தைந்து மில்லிமீட்டர். வெளிவட்டம் ஐம்பத்திரண்டு, அகலம் பதினைந்து. உலகத்தில் எந்த மூலையில் யார் செய்தாலும் அவ்வளவுதான். ஆனால் எந்த மனிதனாலும் எதையும் துல்லியமாக இருபத்தைந்து என்று செய்ய முடியாது. கொஞ்சம் பிசகும். எவ்வளவு பிசகலாம் என்பதுதான் டாலரன்ஸ். சாதாரணத் தரத்துக்கு, துளை பத்து மைக்ரான் வரை சிறிதாகலாம்.* பெரிதாகக் கூடாது. அதே பேரிங்கின் அகலத்துக்கோ நூற்றிருபது மைக்ரான் வரை மன்னிப்பு உண்டு. தண்டைத் தொடும் இடத்தில் கருமி, சும்மா இருக்கும் இடத்தில் வள்ளல்.

இதை யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் மூச்சை அடைக்கிறது. வெவ்வேறு மொழி பேசும் ஆட்கள், ஒரு நீளமான மேஜை, ஆறிப்போன தேநீர். இருபத்தைந்துக்கு எவ்வளவு குறைந்தால் அதை இன்னும் இருபத்தைந்து என்றே கூப்பிடலாம் என்று வாதம். எல்லைக்கோட்டில் ஒத்துப்போகாத நாடுகள் பத்து மைக்ரானில் ஒத்துப்போயின. அந்த ஒப்பந்தம் இப்போது எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் பக்கத்தில் என் பனியனைப் பிழிந்துகொண்டிருக்கிறது.

* மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும். என் தலையில் எடுத்துக்காட்டுக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை என்பதால் வாசகர் தம்முடையதைப் பார்த்துக்கொள்ளவும்.

3

கதையைத் தொடங்க வேண்டும். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் தங்கள் நிழலைக்கூட வெளியே விட்டுவிட்டு’

[நிழலை எப்படி விடுவது? கைவிடப்பட்டது.]

‘அவளுடைய கை எவ்வளவு குளிர்ச்சி என்றால், அவள் ஒரு தம்ளர் தண்ணீரைத் தொட்டால் அது’

[கூட்டல் குறி. மிகப் பெரியது. தாள் கிழிந்துவிட்டது.]

‘கேஜ் ரூமில் ஆள் எடுப்பது கைகுலுக்கித்தான்.’

இந்த மூன்றாவது வாக்கியத்தின் ஓரத்தில் எந்தக் குறியும் இல்லை. நம்புவதற்குக் கடினமான வாக்கியம் இதுதான். ஆனால் நடந்தது.

கேஜ் ரூம் என்பது அளக்கும் அறை. தொழிற்சாலைக்குள் இன்னொரு சிறிய தொழிற்சாலை மாதிரி, கண்ணாடிச் சுவரோடு, இரட்டைக் கதவோடு தனியாக இருந்தது. உள்ளே எப்போதும் இருபது டிகிரி. வெளியே சாணை கத்தும், எண்ணெய்ப் புகை சுற்றும். கதவு சாத்தினால் காதில் தண்ணீர் புகுந்த மாதிரி ஓர் அமைதி. நடுவில் ஒரு தடித்த இரும்புப் பலகை. அளக்க வேண்டிய ரிங்குகள் அதன்மேல் அடுக்கப்பட்டு, அறையின் குளிர் தங்களுக்குள் இறங்கும்வரை பேசாமல் கிடக்கும். பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்து, மாஸ்டர் ரிங் என்னும் மூல வளையத்தோடு ஒப்பிட்டு, டயலில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

எடுப்பது எப்படி? அங்கேதான் சிக்கல். கையால் தொட்டால் இரும்பு சூடாகும். சூடானால் பெருக்கும். பெருத்தால் துளை பெரிதாகும். ஆகவே மரப்பிடி போட்ட இடுக்கி. ஆனால் இடுக்கியில் பிடித்தால் விளிம்பில் இருக்கும் பிசிறு விரலுக்குத் தெரியாது. ஆகவே அறையின் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குளிர்ந்த கை உள்ளவர்களைத் தேடினார்.

தலைவரை நாங்கள் ‘ஜீரோ சார்’ என்போம். மெலிந்த மனிதர். வேலைக்கு வருகிறவர்களிடம் சான்றிதழைப் பார்க்குமுன் கையை நீட்டுவார். நானும் அந்த அறைக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். கையைக் கொடுத்தேன். அடுப்பைத் தொட்டவர்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “கிரைண்டிங்” என்றார். என் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் முடிவானது.

எனக்கு அடுத்து வந்தவள் நம் கதாநாயகி. அவள் கையைப் பிடித்த ஜீரோ சார் விடவில்லை. வெளியே நல்ல வெயில் காலம். சுகமாக இருந்திருக்க வேண்டும். [கூட்டல் குறி. ‘உடனே விட்டார். கண்ணை மட்டும் மூடித் திறந்தார்’ என்று என் மனைவியின் கையெழுத்து.]

அன்றிலிருந்து அந்த அறையில் இடுக்கி இல்லாமல் வெறும் கையால் ரிங்கைத் தொடும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். இடுக்கியில் எடுத்தாலும், மற்ற எல்லாருடைய அளவிலும் கைச்சூட்டுக்கு என்று ஏதாவது கழிப்பார் தலைவர். அவளுடைய அளவில் எதையும் கழிப்பதில்லை. சக ஊழியர்கள் அவளை ‘ஐஸ்’ என்றார்கள், அவள் காதில் விழாத தூரத்தில்.

கதாநாயகியை உயரமானவளாக எழுதியிருந்தேன். மூக்கில் ஒரு சிறிய மச்சம் வைத்தேன். என் மனைவி வரைவைக் கீழே வைத்தாள்.

“இவ நான்தானே?”

“கதாபாத்திரம்.”

“கதாபாத்திரம் என் மூக்கைப் போட்டுக்கிட்டு எங்க போறா?”

“உயரத்தைப் பாரு. உனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அந்த உயரத்தையும் குறைங்க. பிளஸ்.”

குறைத்துவிட்டேன். இப்போது அவள் என் தோள் உயரம். ஆம், அவளேதான். கதையில் ரகசியம் வைக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் அதற்கு டாலரன்ஸ் இல்லை.

4

இனி என்னைப் பற்றி. நான் ஒரு தலைக்கனக்காரன். இதை எழுதும்போது பென்சில் அசையவே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது பெரிய ரிங். நூறு மில்லிமீட்டர் துளை. ஜீரோவிலிருந்து மைனஸ் இருபது மைக்ரான் வரை அனுமதி. துளையைத் தேய்க்கத் தேய்க்க அது பெரிதாகிக்கொண்டே வரும். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஜீரோவைத் தாண்டிவிட்டால் அந்த ரிங் குப்பை. ஆகவே புத்திசாலிகள் நடுவில் நிறுத்துவார்கள், மைனஸ் பத்து, பன்னிரண்டு. நிம்மதியான இடம்.

நான் மைனஸ் இரண்டில் நிறுத்துவேன்.

தேவையே இல்லை. யாரும் கேட்கவில்லை. சம்பளமும் ஏறாது. ஜீரோவின் வாசற்படியில் கால் விரல் படும்படி நின்று, உள்ளே போகாமல் திரும்புவதில் ஒரு போதை. அத்தோடு, டயலின் முள் என் ரிங்குக்கு மட்டும் ஜீரோவை ஒட்டிப்போய் நடுங்கும்போது அந்தக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒருத்தியின் புருவம் லேசாக உயரும். அந்தப் புருவத்துக்கு என்ன டாலரன்ஸ் என்று எந்தத் தர ஏட்டிலும் போடவில்லை.

இப்படியே போயிருந்தால் இது காதல் கதை. போகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் ரிங்குகள் திரும்பி வர ஆரம்பித்தன. பிளஸ் ஒன்று. பிளஸ் ஒன்றரை. முகத்தில் சிவப்புப் பெயின்ட் பூசிக் குப்பைத் தொட்டிக்கு. அதிலும் ஒரு விசித்திரம்: காலையில் அளந்தவை எல்லாம் தேறின. மத்தியானத்துக்கு மேல் அளந்தவை எல்லாம் தோற்றன. மற்றவர்களுடைய ரிங்குகள் எந்நேரமும் தேறின. என்னுடையவை மட்டும்.

“சாப்பிட்டதும் உன் மிஷினுக்குத் தூக்கம் வருதுடா” என்றான் பக்கத்து மிஷின்காரன்.

“ஜீரோவைத் தொட்டுத் தொட்டு விளையாடினான், இப்போ ஜீரோ இவனைத் தொட்டுடுச்சு” என்றான் அவனுக்கு அடுத்தவன்.

ஜீரோ சார் நியாயமானவர். ஒன்று விடாமல் சோதித்தார். சாணைக்கல்லை மாற்றினார். டயலைக் கழற்றிப் பூட்டினார். மாஸ்டர் ரிங்கை வேறு மாஸ்டர் ரிங்கோடு ஒப்பிட்டார். மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்தார். மழைக்காலத்தில் வெயிலே இல்லை. குளிர் இயந்திரத்தைப் பார்த்தார். இருபது டிகிரி, அசையாமல் நின்றது. எல்லாம் சரியாக இருந்ததால் கடைசியில் மிச்சம் இருந்தது நான்தான்.

“வாரக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் நீ பேக்கிங்குக்குப் போயிடு” என்றார்.

பேக்கிங் என்றால் எண்ணெய்த் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் போடும் வேலை. ஜீரோவின் வாசற்படியில் நின்றவனை அட்டைப் பெட்டிக்கு அனுப்புகிறார்கள்.

மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு சிவப்பு ரிங்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கேஜ் ரூமுக்குப் போனேன். பலகையில் வைத்து ஆறவிட்டு அளக்கச் சொன்னேன். அவள் முகம் கொடுக்காமல் அளந்தாள்.

மைனஸ் இரண்டு.

இரும்பு ராத்திரியில் இளைக்காது. அந்த அறையில் மத்தியானத்துக்கு மேல் ஏதோ ஒன்று மாறுகிறது. எல்லாவற்றையும் சோதித்துவிட்டார் ஜீரோ சார். ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லாரும் அளப்பதே அதை நம்பித்தான்.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாமா என்று பல முறை யோசித்தேன். நான் வாயைத் திறந்தால் என் மிஷின் எனக்குத் திரும்பும். அவளுடைய மேஜை போய்விடும். வாயை மூடிக்கொண்டால் எனக்கு அட்டைப் பெட்டி. அவள் புருவத்தை இனி வேறு எவனோ உயர்த்துவான். கதாநாயகன் என்றால் மூடிக்கொள்வான்.

‘அவன் தன் காதலுக்காக மௌனமாகச் சிவப்பு ரிங்குகளைச் சுமந்து’

[கூட்டல் குறி போடுமுன் நானே அடித்துவிட்டேன்.]

நான் வாயைத் திறந்தேன். அன்று மத்தியானம், ஜீரோ சார் தம் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது.

“காலையிலேர்ந்து பலகையில கிடக்கற ரிங் ஒண்ணு. யாரும் தொடாதது. அதை இடுக்கியில எடுத்து ஒரு தடவை அளக்கறீங்களா?”

அவள் நிமிர்ந்தாள். “என்ன சொன்னீங்க?”

“இடுக்கியில.”

“உங்க கையே அடுப்பு. நீங்க என் கையைப் பத்திப் பேசறீங்களா?”

“கையைப் பத்திப் பேசல. இடுக்கியைப் பத்தித்தான் பேசறேன்.”

“மிஷின் ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் இடுக்கி மேல அக்கறை வந்துடுச்சு.” இருமினாள். அந்த மாதம் எல்லாரும்தான் இருமினோம். எண்ணெய்ப் புகை என்று விட்டுவிட்டோம்.

ஆணியில் தொங்கிய இடுக்கியை அவள் பிடுங்கி எடுத்த வேகத்தில் ஆணியும் சேர்ந்து வந்தது. [இதற்குக் குறி இல்லை. ஆணி வந்தது.] இடுக்கியால் ரிங்கை எடுத்துக் கேஜில் பொருத்தினாள். முள் ஆடியது, நின்றது.

மைனஸ் இரண்டு.

“போதுமா?” என்றாள். “இப்போ பாருங்க.” அதே ரிங்கை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள், வழக்கமாகப் பிசிறு பார்க்கிற மாதிரி விளிம்பில் விரலை ஓட்டினாள், மறுபடி பொருத்தினாள்.

முள் கிளம்பியது. மைனஸ் ஒன்று. ஜீரோவில் ஒரு கணம் தயங்கியது, அந்தக் கோட்டுக்கு மரியாதை காட்டுவதுபோல. பிறகு தாண்டிப் போனது.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே சாணைகள் வாயசைத்துக்கொண்டிருந்தன. அவள் டயலைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடையதோ மாதிரி.

ஜீரோ சார் எழுந்து வந்தார். வந்து, வேலைக்கு வந்த முதல் நாள் நீட்டிய மாதிரி, கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. “வேணாம் சார்.”

“கொடும்மா.”

“என் கை கெட்டுப்போச்சுன்னு சொல்லப்போறீங்க.”

“கொடு.”

கொடுத்தாள். அவர் கண்ணை மூடினார். முதல் நாளைவிட அதிக நேரம். எத்தனை எத்தனையோ கைகளை எடைபோட்ட கை அது. திறந்தபோது அவர் முகத்தில் இருந்தது ஒரு தலைவரின் முகம் அல்ல.

“கை நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் காய்ச்சல். எத்தனை நாளாம்மா?”

“காய்ச்சலா? எனக்கா? அதெல்லாம் ஒண்ணும் இல்லையே சார். சாயங்காலம் ஆனா கொஞ்சம் அசதியா இருக்கும். அவ்வளவுதான்.”

“தினமும் சாயங்காலமா?”

அவள் மெல்லத் தலையாட்டினாள். ஜீரோ சார் அறையின் விளக்கை அணைத்தார். அந்த அறையின் விளக்கு பகலில் அணைந்து நாங்கள் பார்த்ததில்லை.

“கிளம்பு. நானும் வரேன்” என்றார்.

6

நுரையீரலில் ஒரு புள்ளி. சின்னதுதான், காசநோயின் தொடக்கம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாராம். காலையில் ஒன்றும் தெரியாது, மத்தியானத்துக்கு மேல் மெல்ல ஏறும், ராத்திரி வியர்த்து இறங்கும், அந்த வகைக் காய்ச்சல். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றாராம்.

“இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே, நல்லது. யாரு கண்டுபிடிச்சது?”

“பேரிங்” என்றாள் இவள்.

டாக்டர் உடனே காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதா என்று பார்த்தாராம்.

இங்கே நான் சற்று நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும். தொப்பி இல்லாததால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறேன். உலகத்தில் எந்த வரைபடத்தில் எந்த நீளம் எழுதியிருந்தாலும், வேறு ஏதும் குறிப்பு இல்லாவிட்டால், அது இருபது டிகிரியில் அந்தப் பொருளின் நீளம் என்று அர்த்தம். தண்டவாளத்துக்கும் அதுதான், தையலூசிக்கும் அதுதான். இரும்பு என்னவோ நாள் முழுக்கப் பெருத்துக்கொண்டும் சுருங்கிக்கொண்டும்தான் இருக்கிறது, மூச்சுவிடுவதுபோல. அதன் பெயர் என்ன என்று கேட்கிற நேரத்தில் மட்டும் இருபது டிகிரிக்கு வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கக் கற்றுக்கொண்ட ஓர் அறையில், ஒரு பெண்ணின் மார்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமி மூட்டிய சூடு, இரத்தத்தில் ஓடி, உள்ளங்கைக்கு வந்து, இரும்பில் இறங்கி, ஒரு முள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியது. இரண்டு மூன்று டிகிரி. இரண்டு மூன்று மைக்ரான். நாங்கள் ரிங்கை அளந்துகொண்டிருப்பதாக நினைத்தோம். அத்தனை நாளும் அது அவளை அளந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுடைய ரிங்குகளும் அதே கையில்தான் சூடாயின. அவையும் அதே இரண்டு மூன்று மைக்ரான் பெருத்தன. ஆனால் மைனஸ் பத்து மைனஸ் ஏழானால் யார் கவனிப்பார்கள்? அவை தேறிப்போயின, வாய் திறக்காமல். ஜீரோவின் வாசற்படியில் நின்றவை என்னுடையவை மட்டும். கோட்டைத் தாண்டிக் காட்டிக்கொடுத்தவையும் அவைதான். நான் அடக்கமானவனாக இருந்திருந்தால்

[வாக்கியம் முடிக்கப்படவில்லை. இந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சில் வைத்த இடம் தெரிகிறது. ஒரு புள்ளி. குறி போடவில்லை.]

7

முடிவு.

முதல் முடிவு: நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அவள் திரும்பி வருகிறாள். ஜீரோ சார் கையை நீட்டுகிறார். கை பழையபடி பனிக்கட்டி. எல்லாரும் கை தட்டுகிறார்கள். நான் மைனஸ் ஒன்றுக்கு ஒரு ரிங் தேய்த்துப் பரிசளிக்கிறேன். [+]

இரண்டாவது முடிவு: கையை நீட்டுகிறார். கை இப்போது எல்லார் கையையும் போலச் சாதாரணமாக இருக்கிறது. மருந்து அவளைப் பிழைக்கவைத்துக் குளிர்ச்சியை எடுத்துக்கொண்டது. மேஜை போகிறது. அவளும் பேக்கிங்குக்கு வருகிறாள், அங்கே ஏற்கெனவே நான். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே [+ +]

உண்மையில் நான் பார்த்தது இவ்வளவுதான். என் மிஷின் எனக்கே திரும்பியிருந்தது. அவள் திரும்பி வந்த அன்று சாணையை நிறுத்திவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே பேசுவது கேட்காது. இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. ஜீரோ சார் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார், அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அவளே போய்ப் புதிதாக அடித்திருந்த ஆணியிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு தன் மேஜையில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் வெறும் கையால் தொடவில்லை. கைகுலுக்கி ஆள் எடுப்பதும் நின்றது. அவள் கை குளிர்ந்ததா, சாதாரணமானதா என்று யாருக்கும் தெரியாமலே போனது.

“அன்னைக்கு என்னதான் சொன்னே?” என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“கதைக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?” என்பாள்.

“எனக்கு.”

“அப்ப கதையில போடுவீங்க. சொல்ல மாட்டேன்.”

வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். யோவ் கிழவா, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாய், அந்தக் கையைப் பிடித்திருக்கிறாய், குளிர்ந்திருக்கிறதா இல்லையா என்று உனக்குத் தெரியாதா?

தெரியாது. என் கை அடுப்பு. எனக்கு எல்லார் கையும் சில்லென்றுதான் இருக்கும். அந்த ஒரு கையை அளக்க இந்த உலகத்தில் தகுதியே இல்லாத கருவி நான்.

8

முழு வரைவையும் இன்று அவளிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். பின்னால் இயந்திரம் எங்கள் துணிகளைச் சத்தமில்லாமல் பிழிந்துகொண்டிருந்தது. ஆறாவது பகுதியில் வெகுநேரம் இருந்தாள். கடைசித் தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மொத்தமா பிளஸ்தான்” என்றாள்.

“எவ்வளவு?”

“இரண்டு மூணு மைக்ரான் இருக்கும்.”

“அது கைச்சூடு” என்றேன். “எழுதின சூடு இன்னும் போகலை. ஆறவிட்டு அளந்து பாரு.”

அவள் புருவம் லேசாக உயர்ந்தது. பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு, துணி உலர்த்த எழுந்து போனாள். போகிற வழியில் என் நெற்றியில் கையை வைத்து எடுத்தாள். சில்லென்று இருந்தது. சொன்னேனே, என் சாட்சி செல்லாது.

ஆகவே அளக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் இப்போது வேண்டாம். முதல் வரியிலிருந்து இதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்; உங்கள் சூடும் கொஞ்சம் ஏறியிருக்கும். தட்டையான ஓர் இடமாகப் பார்த்து இதைக் கீழே வையுங்கள். விரலை எடுங்கள்.

ஆறட்டும்.